டயலில் இருக்கும் மைப்புள்ளி

திண்டிவனம்

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. விழுப்புரத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் மூன்று ரேடியோ வாங்கியிருக்கிறாய். தோல் உறையோடு ஒரு புஷ், ஒரு மர்ஃபி, வளைகுடாவுக்குப் போன யாரோ ஒருவர் கொண்டுவந்திருக்கக்கூடிய நேஷனல் பானசோனிக். மூன்றுமே நல்ல செட்டுகள். ஆனால் மேலே பாலிஷ் போட்டுப் புத்தம் புதிதாக்கி அலமாரியில் வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மர்ஃபியின் டயலில் சிற்றலை வரிசைக்கு மேலே நீல மையால் ஒரு புள்ளி இருக்கிறது. அதை அழுக்கு என்று துடைத்துவிடாதே. அநேகமாக இலங்கை வானொலி வந்த இடம் அது. சிற்றலையில் முள் ஒரு நூலிழை நகர்ந்தாலும் நிலையம் போய்விடும். அதனால் பிடித்த நிலையம் கிடைத்ததும் டயலில் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். நம் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த பழைய செட்டுகளில் இப்படிப் பல புள்ளிகள் உண்டு.

எதற்காக நம் ஊர்க்காரர்கள் ஒரு பேண்ட் ரேடியோ போதும் என்று இருக்காமல் சிற்றலையும் சேர்ந்த மூன்று பேண்ட் வாங்கினார்கள் தெரியுமா? 1952இல் பி.வி.கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. விவித் பாரதி வந்தது 1957 அக்டோபரில்தான். இடையில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கொழும்புதான். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் பின்னால் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அதன் வலுவில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் குரல்கள் தென்னாற்காட்டுத் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தன. பாட்டுக்குக் கொழும்பு என்றால் செய்திக்கு லண்டன். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்ததை ஆல் இந்தியா ரேடியோ மாலை ஆறு மணிக்குத்தான் சொன்னது. பிபிசி பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. ஈழத்துச் செய்திக்காக இரவு 9.15க்கு பிபிசியின் தமிழோசையைக் காத்திருந்து கேட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஓடு நின்றுவிட்டது.

இப்படிக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த செட்டுதான் உன் கைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தை அழித்துவிட்டால் மிஞ்சுவது பிளாஸ்டிக்கும் தகரமும்தான். அதனால் பழுது பார்க்கும்போது இரண்டை மட்டும் மனத்தில் வை. செட் பாட வேண்டும். கேட்டவர்கள் விட்டுச் சென்ற தடம் அப்படியே இருக்க வேண்டும். டயல் எழுத்துகள் பல செட்டுகளில் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டவை. ஸ்பிரிட் பட்டால் ஊர்ப் பெயர்களெல்லாம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த தூரிகை போதும். தோல் உறையை நிழலில் உலர்த்து, வெயிலில் வைக்காதே.

இனி உள்ளே. எடுத்ததும் பேட்டரிக் கட்டை போட்டு சுவிட்சைத் திருப்பாதே. பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் செட்டுகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். இப்போதைய வழக்கத்தை நினைத்துக்கொண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். அடாப்டர் வேண்டவே வேண்டாம், நல்ல கட்டைகளைப் போட்டு, நடுவில் மல்டிமீட்டரை வைத்துக் கரண்ட் பார். வால்யூமைக் குறைத்து வைத்தால் இப்படிப்பட்ட செட்டு சுமார் பத்திலிருந்து முப்பது மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்கும். நூறுக்கு மேல் போனால் உடனே நிறுத்து.

கட்டைக் கூட்டில் கசிவு இருந்தால் எந்தக் கட்டை கசிந்தது என்று பார். பழைய சாதாரணக் கட்டையின் கசிவு அமிலம், சமையல் சோடாக் கரைசலால் துடை. ஆல்கலைன் கட்டையானால் எலுமிச்சைச் சாறு. மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் செட்டுகளில் உப்புக்காற்று பட்டு ஸ்பிரிங்குகள் துருவேறி, பேண்ட் சுவிட்சின் வெள்ளி முனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு சுவிட்சை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இரு. பாதி செட்டுகளுக்கு இதிலேயே உயிர் வந்துவிடும்.

பாடவில்லையென்றால் எந்தப் பாதி போயிருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்குரூ டிரைவரால் தொடு. ஸ்பீக்கரில் டக்கென்ற சத்தமோ உறுமலோ வந்தால் ஆடியோ பக்கம் சரி. அடுத்து ஆசிலேட்டர். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், நன்றாக ஓடும் இன்னொரு ரேடியோ போதும். அதை மத்திய அலையில் 1215 கிலோ ஹெர்ட்ஸில், புதுச்சேரி நிலையத்தில் வை. பழுதான செட்டைப் பக்கத்தில் வைத்து, அதன் முள்ளை 760 பக்கத்தில் மெதுவாக நகர்த்து. ஆசிலேட்டர், டயல் காட்டும் எண்ணைவிடப் பெரும்பாலும் 455 அதிகமான இடத்தில் ஓடும். 760ஐயும் 455ஐயும் கூட்டிப் பார், 1215. ஆசிலேட்டர் வேலை செய்தால் நல்ல ரேடியோவில் புதுச்சேரிக் குரலின் மேல் விசில் கேட்கும், முள்ளை நகர்த்த நகர்த்த விசிலின் சுருதி மாறும். ஒரு ரேடியோ இன்னொரு ரேடியோவின் நோயைச் சொல்லும் இந்த முறை எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

விசில் வராத செட்டுகளில் ஏஎஃப் 114 முதல் 117 வரையுள்ள டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றனவா பார். நாலு கால் கொண்டவை. அவற்றின் தகரக் கூட்டுக்குள் வெள்ளீயம் மயிரிழையாக வளர்ந்து கூட்டையும் உள்முனையையும் இணைத்துவிடும். ஐம்பது வருஷத்தில் இது வராத செட்டு அபூர்வம். கூட்டோடு சேர்ந்த நான்காவது காலை மட்டும் நறுக்கிவிடு, பல சமயம் பாட ஆரம்பித்துவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால், பற்றவைக்கும்போது காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொள். ஜெர்மேனியம் சூட்டைத் தாங்காது. உலர்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களைத் தயங்காமல் மாற்று, ஆனால் கழற்றியவற்றை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வை. ஐஎஃப்டி என்னும் இடைநிலை அலைவரிசை டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகுகளை மட்டும் தொடவே தொடாதே. சத்தம் குறைவு என்றதும் அதைத் திருப்பிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அங்கே மெழுகு வைத்து அடைத்தவர் கணக்கோடுதான் அடைத்திருக்கிறார்.

இனிமேல் வாங்கும்போது செட்டோடு அதன் கதையையும் கேட்டு வாங்கு. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும், சாதாரண வீட்டு ரேடியோவுக்குப் பதினைந்து ரூபாய். அந்தப் புத்தகத்தில் செட்டின் பெயர், நம்பர், உரிமையாளர் விலாசம், வருஷா வருஷம் ஒட்டிய ஸ்டாம்ப் எல்லாம் இருக்கும். 1980களில் அந்த முறை போனதும் புத்தகங்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். தப்பியது கிடைத்தால் செட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். கதை கிடைக்க இன்னொரு வழியும் உண்டு. பீஜிங்கின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்கு நேயர் மன்றம் வைத்துக் கடிதம் எழுதியவர்கள் உங்கள் விழுப்புரம் பக்கத்தில் உண்டு. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் நிலையங்கள் அனுப்பிய அட்டைகளும் நிகழ்ச்சி நிரல்களும் இன்னும் இருக்கலாம். போய் உட்கார்ந்து பேசு. வயதானவர்களிடம் பேரம் பேசாதே. கொடுக்க மனமில்லாதவரிடம் கேட்காதே, அவருடைய செட்டைப் பழுது பார்த்து அவரிடமே கொடுத்துவிட்டு வா. அதுவும் நீ காப்பாற்றிய ரேடியோதான்.

செட் பாட ஆரம்பித்ததும் வீட்டுக்குள் வைத்துக் கேட்டு ஏமாறாதே. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து சிற்றலையைக் கரகரப்பாலேயே நிரப்பிவிடும். மொட்டைமாடிக்குப் போ, இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் கேள். இரவில் 49, 41, 31 மீட்டர்களிலும் பகலில் 19, 16 பக்கத்திலும் தேடு. மேலே அயனி மண்டலம் பொழுதுக்குத் தக்கபடி அலைகளைத் திருப்பி அனுப்பும் என்பதால்தான் இந்தக் கணக்கு. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சிற்றலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. கேட்பதைத் தள்ளிப்போடாதே.

முதலில் பானசோனிக்கை எடு. மூன்றில் அதுதான் வயதில் இளையது, கை பழகட்டும். அடுத்து புஷ். மர்ஃபியைக் கடைசியில் திறக்கலாம், முடிந்தால் நானும் கூட இருக்கும்போது. பானசோனிக்கில் கட்டை போட்டதும் மீட்டர் எத்தனை மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று எழுது. அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா