எந்த மரத்தில் ஏறலாம்?

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததிலிருந்து, மரம் ஏறியே தீருவேன் என்கிறாள் என் பத்து வயது மகள். எந்த மரத்தில் ஏறவிடலாம்? – வாசகி, தென்காசி

தாராளமாக ஏறட்டும்! கொய்யாவில் தொடங்குங்கள். கிளைகள் தாழ்வாகவே பிரியும். வளையுமே தவிர லேசில் முறியாது. கை பழகியதும் புளிய மரம். அதன் கிளையை நம்பி நிற்கலாம். முருங்கை பக்கமே வேண்டாம். தடிமனாகத் தெரிந்தாலும் சட்டென்று ஒடியும். நாவலும் அப்படித்தான். மாமரம் என்றால், இலைகளைச் சேர்த்துப் பின்னிய முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். கடித்தால் பிடி நழுவிவிடும்.

இரு கை, இரு கால். இவற்றில் மூன்று எப்போதும் மரத்திலேயே இருக்க வேண்டும். பட்ட கிளை, மழை ஈரம், பக்கத்தில் மின்கம்பி: இந்த மூன்றும் கூடாது. ஏறும்போது பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கொய்யா வழவழப்பு, புளி சொரசொரப்பு. விடுமுறை முடிவதற்குள், கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மரமென்று சொல்லிவிடுவாள்!