நாளைக்கும் வருவீங்களா, அக்கா?



எஸ்.பி.எம். முடித்தவர்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்ற பதில்தான் வரும். "பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலைக்குப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அது சேவைதானே, வேலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நான் சிலாங்கூரில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். சேவையா, வேலையா? இந்த மாதப் பாடம் அதுதான்.

வளர்த்தவர்கள்

கந்தன் பிறந்த கதை நமக்குத் தெரியும். சிவபெருமானின் நெற்றிக் கண்ணிலிருந்து வந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. அவர்களைப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பிறகு உமையம்மை வந்து ஆறு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பெறாதவரும் வளர்க்கலாம். கார்த்திகேயன் என்ற பெயரே அதற்குச் சாட்சி. இரண்டு, வளர்த்தவர்கள் பிள்ளையைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளவில்லை. நம் வேலையும் அப்படித்தான். பிள்ளை குடும்பத்தோடு சேரும் வரை, அல்லது சொந்தக் காலில் நிற்கும் வரை, தவறாமல் உடன் இருப்பது.

இரக்கம் மட்டும் போதாது

இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் இல்லை. பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். நோய், சிறை, குடி, வறுமை, அடி உதை என்று காரணங்கள் பல. இரக்கப்படுகிறவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று கூட்டம் வரும். பிரியாணி, புதுச்சட்டை, போட்டோ. அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். புதுப் பராமரிப்பாளரும் மூன்று மாதத்தில் நின்றுவிட்டால், "பெரியவங்கன்னா போயிடுவாங்க" என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஒரு சிறுமி வந்த புதிதில் தினமும் என்னிடம், "நாளைக்கும் வருவீங்களா, அக்கா?" என்று கேட்பாள். ஷிப்ட் அட்டவணையை அவள் உயரத்துக்குச் சுவரில் ஒட்டினேன். நான் வராத நாளையும் முன்பே சொல்லிவிடுவேன். சில வாரம் கழித்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, அட்டவணையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

ஒரு பையன் தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பான். எறும்பு மொய்க்கும். திருட்டு என்று திட்டினால் இன்னும் ஆழமாக ஒளிப்பான். பசியோடு தூங்கிய பழக்கம் அது. கட்டில் பக்கத்தில் மூடி போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று வைத்தோம். தினமும் நாங்களே நிரப்பினோம். இரண்டு மாதத்தில் ஒளிப்பது நின்றது. இந்த வேலையில் ஒவ்வொரு நடத்தைக்கும் பின்னால் ஒரு காரணத்தைத் தேட வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும். அதனால்தான் இது சேவை மட்டும் இல்லை, தொழிலும்கூட.

சட்டம் சொல்வது

மலேசியாவில் 2001 சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் சிறார். ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், பராமரிப்பாளர் உடனே சமூகநல இலாகாவின் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். அதனால், "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று பிள்ளை கெஞ்சினாலும், "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பொதுமக்கள் புகார் செய்ய தாலியான் காசே 15999 இருக்கிறது.

பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடாதீர்கள். 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஓர் இல்லத்தில் தொண்டூழியராகச் சேருங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஆறு மாதம். டியூஷன் சொல்லிக் கொடுத்தாலே போதும். அந்த இல்லம் 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பிறகு படிப்பு. அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம். 1975 முதல் சமூகப்பணி கற்பிக்கிறது. வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் சரவாக் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை உண்டு. சின்னக் குழந்தைகளோடு வேலை செய்ய விருப்பமா? ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வியில் டிப்ளோமா எடுத்துத் தாஸ்காவில் தொடங்கலாம். மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அறிக்கை எழுதப் பழகுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவது இந்த வேலையில் பாதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளம் பெரிதில்லை. இரவு ஷிப்ட் உண்டு. தீபாவளியன்றும் வேலை வரும். சேரும்போதே சம்பளம், ஓய்வு நாள், யாரிடம் மனம் விட்டுப் பேசலாம் என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். "சேவைக்கு வந்துட்டு இதெல்லாம் கேக்கலாமா?" என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். களைத்துப் போய் நான்காம் மாதமே ஓடுகிறவரால் எந்தப் பிள்ளைக்கும் பயன் இல்லை.

சிந்திக்க

1. உங்கள் இயக்கம் கடைசியாக ஓர் இல்லத்துக்குப் போனது எப்போது? இரண்டாம் முறை போனீர்களா?
2. ஒரு பிள்ளை உங்களிடம் ரகசியம் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? இருவர் இருவராகப் பேசிப் பாருங்கள்.
3. அடுத்த எட்டு வாரத்துக்கு, ஒரு பிள்ளைக்காக ஒரே நாள், ஒரே நேரம் ஒதுக்க முடியுமா? முடியும் என்றால் அந்த நாளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். முடியாது என்றால் அதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.