வகுப்பறையும் மாணாக்கர் ஊக்கமும்

கற்பித்தல் என்னுந் தொழிலிலே பாடத்தை அறிதல் ஒன்று; அதனை மாணாக்கர் உள்ளத்திற் பதித்தல் மற்றொன்று. முன்னதிற் குறைவில்லாத ஆசிரியரும் பின்னதில் இடர்ப்படுதல் உண்டு. உடலால் வாங்கிலும் உள்ளத்தால் விளையாட்டு மைதானத்திலும் இருக்கின்ற மாணாக்கனைப் பாடத்தின்பால் மீட்டுக் கொணர்தல் எங்ஙனம்? எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கு சிந்தித்தற்குரிய வினா இதுவெனக் கருதுகின்றோம்.

ஊக்கமூட்டலை மகிழ்வூட்டலென மயங்குவாருஞ் சிலர் உளர். நகைச்சுவையும் கதையும் பாடத்துக்கு உப்புப் போல்வன, உப்பே உணவாகாது. கதைக்காகவே கேட்கும் மாணாக்கனது நினைவிற் கதை நிற்கும், பாடம் நில்லாது. உண்மையான ஊக்கம், தனக்கும் அங்கே செய்தற்குரிய வேலை ஒன்று உண்டென மாணாக்கன் உணரும்போதே பிறக்கின்றது.

இதனை மேலைநாட்டு நூல்களிலிருந்துதான் அறிதல் வேண்டுமென்பதில்லை. 13ஆம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்னும் எட்டுக்கு ஒப்பிட்டுத் தலை, இடை, கடை என வகுத்தார். பலரும் இப்பகுதியை மாத்திரம் நினைவில் வைத்து, விளங்காத பிள்ளையை எருமை என்று இகழ்ந்து அமைகின்றனர். அம்முனிவரே ஆசிரியனுக்கு விதித்த கடமையை அவர் மறந்துவிடுகின்றனர். விரைதலும் வெகுளலுமின்றி, முகமலர்ச்சியோடு, கேட்பவனது கொள்ளும் ஆற்றலை அறிந்து கற்பித்தல் வேண்டுமென்பது அவர் விதி. ஆறுமுக நாவலர் பாலபாடங்களைப் படிமுறையாக ஆக்கியதும் பிள்ளைகளின் ஆற்றலை நோக்கியே. கணக்கிலே ஓட்டைக்குடமாகத் தோன்றுபவன் சித்திரத்திலே அன்னமாதலை யாம் நாள்தோறும் காண்கின்றோம்.

அப்பாயிரத்திலே இன்னுமொரு கணக்கு உண்டு. ஆசிரியன் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்கற்போரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அதன் கருத்து. அங்ஙனமாயின், பாடவேளை முழுவதும் ஆசிரியரே பேசுவாராயின் முக்காற்பங்குக்கு இடம் எங்கே? வகுப்பிலே கொட்டாவி தோன்றுவதற்குக் காரணமும் இதுவே.

இக்கணக்கை நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றிற் பொருத்திப் பார்ப்போம். பாடம் லகர, ளகர ஈற்றுப் புணர்ச்சி என்க. சூத்திரத்தைச் சொல்லித் தொடங்காது, கற்கோவளம், கற்பிட்டி, கற்சிலைமடு என்னும் மூன்று ஊர்ப்பெயர்களை வெண்கட்டியாற் கரும்பலகையில் எழுதுக. இவற்றில் மறைந்திருக்குஞ் சொல் யாதென வினாவுக. 'கல்' என்று விடை வரும். அது 'கற்' ஆனமைக்குக் காரணம் என்னவென்று தொடர்ந்து வினாவி, கடற்கரை, சொற்பொருள் என்பவற்றையும் அருகில் எழுதினால், வல்லினம் வரும்போது லகரம் றகரமாதலை மாணாக்கரே கண்டு கூறுவர். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த பத்து நிமிடத்தில் அவர்களை இருவர் இருவராக அமர்த்தி, முட்செடி, நாட்குறிப்பு, மக்கட்பேறு என்பவற்றைப் பிரித்து, ளகரத்துக்கு நேர்ந்ததைக் கண்டறியச் செய்க. ஆசிரியர் வாங்குகளினிடையே நடந்து செவிகொடுத்தல் போதுமானது. எஞ்சிய இருபது நிமிடமும் மாணாக்கருக்கே உரியது. ஒருவன் கரும்பலகைக்கு வந்து விளக்க, மற்றையோர் வினாவுக. அப்பொழுது, "கல்முனை ஏன் அவ்வாறே நிற்கின்றது?" என்று ஒருவன் கேட்பானாயின், அவ்வகுப்பு விழித்துக்கொண்டதென்பது உறுதி. மெல்லினம் வரின் லகரம் னகரமாதலே விதி. அதன்படி கன்முனை ஆதல் வேண்டும். வழக்கோ கல்முனை என்றே நிலைபெற்றது. விதிக்கும் வழக்குக்கும் உள்ள உறவை இதைவிட இனிதாக உணர்த்தும் வாய்ப்பு வேறு யாது?

வினாவுதலிலும் ஒரு நுட்பம் உண்டு. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிஞர் 1974இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆசிரியர் வினாவியபின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்றும், அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் விரிவடைவதோடு, பேசாதிருந்த மாணாக்கரும் பேச முற்படுவர் என்றும் காட்டினார். வினாவை முதலில் வகுப்பு முழுவதற்கும் விடுத்து, சற்றே பொறுத்து, அதன்பின் பெயரைச் சொல்லுதல் நன்று. பெயரை முதலிற் சொன்னால் ஏனையோர் ஓய்ந்துவிடுவர். தவறான விடைக்கு நகைத்தல் ஆகாது. ஒருமுறை நாணமுற்ற பிள்ளை பலநாள் வாய்திறவான்.

இவ்வாறு கற்பித்தாற் பாடத்திட்டம் முடியுமா, பரீட்சைக்கு என் செய்வது என வினவுவாருளர். ஆசிரியர் முடித்த பாடமும் மாணாக்கர் கற்ற பாடமும் ஒன்றல்ல. அரைகுறையாகக் கேட்ட பாடத்தை மாலையில் தனியார் கல்வி நிலையத்திற் பணங்கொடுத்து மீண்டும் கேட்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. பணமுடையோருக்கு அஃதோர் இரண்டாம் வாய்ப்பு. பாடசாலை விட்டதும் தந்தைக்குத் துணையாகத் தோட்டத்துக்கோ கடைக்கோ செல்லும் பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடமே முதலும் முடிவுமான வாய்ப்பாகும். அதனை வீணாக்கின் அவனுக்கு ஈடுசெய்வார் யாருமிலர்.

ஆதலின், ஆசிரிய நண்பர்களே, பின்வாங்கில் மௌனமாக இருப்பவனை நோக்கியே நம் முதல் வினா செல்லட்டும். மாணவச் செல்வங்களே, ஐயம் தோன்றினாற் கையை உயர்த்துங்கள். இன்று கற்றதை நாளை ஒரு தோழனுக்கு எடுத்துரையுங்கள். பழைய மாணவர்களே, விழாவுக்கு வருகை தரும்போது மண்டபத்தோடு நின்றுவிடாது ஒரு வகுப்பறைக்குள்ளும் சென்று, நுங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் வினாக்களுக்கு விடை தாருங்கள். கட்டடங்களாற் பொலியும் கல்லூரி, வினாவும் பிள்ளைகளாலேயே வாழும்.