செம்பனை ஓடு தரும் அருங்கரி

செம்பனை ஆலையின் அருகே கொட்டை ஓடுகள் கருங்குவியலாய்க் கிடப்பதைத் தோட்ட மக்கள் பலரும் கண்டிருப்பர். 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனை இந்நாட்டின் வாணிகப் பயிராயிற்று. எண்ணெயின்பொருட்டே அது நடப்பட்டது. எனினும், 100 டன் பழக்குலைகளை ஆலையிலிட்டால் ஏறத்தாழ 5 முதல் 7 டன் வரை ஓடு எஞ்சுகிறது. அது கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. தோட்டப் பாதைகளில் பரப்பப்படுவதும் உண்டு. அவ்வோட்டிலிருந்தும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் கிளர்வூட்டிய கரி என்னும் அரும்பொருளை ஆக்கலாம். அதன் முறையைக் காண்போம்.

இரு படிகள்

முதற்படியில், காய்ந்த ஓடுகளைக் காற்றோட்டம் தடுக்கப்பட்ட உலையிலிட்டு 400 முதல் 600 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவர். போதிய பிராணவாயு இன்மையால் ஓடு எரிந்து சாம்பலாவதில்லை. ஈரமும் புகையும் தாரும் நீங்க, கரி எஞ்சுகிறது.

இரண்டாம் படியில்தான் நுட்பம் உள்ளது. அக்கரியை 800 முதல் 1000 பாகை வரை சூடேற்றி, அதனூடே நீராவியைச் செலுத்துவர். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்து வாயுவாக மாற்றுகிறது. அரித்த இடமெல்லாம் கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகள் உண்டாகின்றன. இச்செயல் குறைந்தால் துளைகள் போதா. மிகுந்தால் துளைகளின் சுவர்கள் சிதைந்து கரியே வீணாகும்.

இவ்வாறு ஆக்கிய கரியில் 1 கிராம் எடுத்து அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பார்க்க இயலுமாயின், அவை ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரவும். அஃதாவது, பன்னிரண்டு பூப்பந்துத் திடல்களின் பரப்பு! நீரிலும் காற்றிலும் கலந்துள்ள தீய மணம், நிறம், நச்சுப் பொருள் பலவும் அச்சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளில் சிரட்டைக் கரி பயன்பட்டது. இன்று நீர் வடிகலன்களிலும், சர்க்கரையின் நிறம் நீக்குவதிலும், தங்கம் பிரித்தெடுப்பதிலும் இத்தகைய கரி பயன்படுகிறது.

கருத்தில் கொள்க

அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல. நீராவிப் படியைக் கடவாத அடுப்புக் கரிக்கு இவ்வாற்றல் இல்லை. அதனூடே கிணற்று நீரை வடித்துத் தூய நீரெனக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் தவறாகும். ஆலையில் ஆக்கிய கரியும் நோய்க் கிருமிகளைக் கொல்வதில்லை. நாட்பட்ட கரியில் கிருமிகள் பெருகவும் கூடும். ஆதலின், கிணற்று நீரை வடித்த பின்னரும் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும்.

மேலும், கரி சுடுகையில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரையே பறிக்கும். எனவே, வீட்டினுள்ளோ அடைத்த கொட்டகையிலோ எவரும் கரி சுடலாகாது.

கழிவென நாம் மிதித்துச் செல்லும் ஓடு, வெப்பமும் நீராவியும் அளவோடு சேர்ந்தால் அரும்பொருளாகிறது. அதன் பயனை அறிவதோடு, அதன் எல்லையையும் அறிந்து நடப்பதே நம் குடும்பத்துக்குக் காப்பாகும்.