ஆலுக்கு முகம் பார்த்தல்

போன்சாய் மரத்துக்கு முகப்பு என்று ஒன்று உண்டு என்பதும், அதை நிச்சயித்த பிறகே கத்தரியைக் கையில் எடுக்கவேண்டும் என்பதும் இக்கலையைப் பற்றிய நூல்கள் யாவற்றிலும் காணப்படும் விஷயங்களே ஆயினும், மரத்தின் எந்த அங்கத்தைக் கொண்டு அந்த முகப்பை நிச்சயிப்பது என்னும் கேள்விக்கு நம் ஊர் வகுப்புகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. அவர்கள் கிளைகளைப் பார்த்து முகப்பைத் தீர்மானிக்கிறார்கள். வேரையும் அடிமரத்தையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தை நான் இலவசமாகப் பெறவில்லை. அதற்குரிய விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மறுபகுதியை ஓர் அருமையான கிளையாகவும் செலுத்தியிருக்கிறேன்.

பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையின் இரைச்சல் எட்டும் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் குடியேறிய எவருக்கும், போன்சாய்க்கென்று நர்சரியில் மரம் வாங்கவேண்டிய அவசியம் நேர்வதில்லை. காக்கையும் மைனாவும் தின்று எச்சமிட்ட விதை, சன்ஷேடு சுவரோடு சேரும் மூலையில் விரிசல் கண்ட இடத்தில் விழுந்து, ஐப்பசி மழையில் முளைவிட்டு, வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதற்குள் கட்டைவிரல் கனத்துக்கு வந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள். கொத்தனாரை அழைத்து ஆசிட் ஊற்றச் சொல்வதற்கு முன்னால், பூச்சைப் பக்குவமாகக் கொத்தி அதை வேரோடு எடுத்துவிட்டால், பணம் கொடுத்தாலும் கிடைக்காத அடிமரம் ஒன்று கைக்கு வந்து சேரும். எனக்கு அவ்விதம் வந்து சேர்ந்தது ஓர் ஆல். “ஆலைச் சட்டியிலே அடைச்சு வீட்டிலே வெக்கலாமா மாப்பிள்ளை? ஏதாவது கோயில்லே கொண்டுபோய் விட்டுடுங்களேன்” என்று என் மாமியார் ஆட்சேபித்தார். மொட்டை மாடி வீட்டில் சேர்த்தியில்லை என்று நான் சொன்ன சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. இன்றுவரை அந்தச் சட்டியின் பக்கம் அவர் போவதுமில்லை.

சுவரில் பிறந்த மரத்துக்கென்று ஒரு தனி லட்சணம் உண்டு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் வேர்கள் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே நசுங்கித் தட்டையாக ஓடுகின்றன. தண்டோ, சுவரை விட்டு விலகி வெளிச்சத்தை நாடி முதலில் ஏறத்தாழப் படுக்கையாக நீண்டு, பிறகு முழங்கையை மடக்கினாற்போல் வளைந்து மேல்நோக்கி எழுகிறது. ஆகையால் சுவர் இருந்த திசையில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு மரமும், அதற்கு நேர் எதிரே வெளிப்புறத்தில் நின்று பார்ப்பவனுக்கு இன்னொரு மரமும், பக்கவாட்டில் நின்று பார்ப்பவனுக்கு முற்றிலும் வேறான மூன்றாவது மரமும் தென்படும். வெளிப்புறத்திலிருந்து பார்த்தால் வளைவு வளைவாகவே தெரியாது; அந்த முழங்கை பார்ப்பவன் முகத்துக்கு நேரே புடைத்துக்கொண்டு நிற்க, மரம் வெறும் முளைக்குச்சிபோல் காணும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அடிமரம் ஒரு புறமிருந்து மறுபுறம் நகர்ந்து, திரும்பி, எழுகின்ற அந்த ஓட்டம் முழுவதும் கண்ணுக்கு விருந்தாகும்.

இதை நான் தெரிந்துகொண்டது வகுப்பில் அன்று. வகுப்பில் எனக்குக் கற்பிக்கப்பட்டது வேறு. நகரத்தில் நடந்த ஒருநாள் பயிற்சி ஒன்றுக்கு, ஆட்டோவில் மடிமேல் சட்டியை வைத்துக்கொண்டு போனேன். பயிற்சி அளித்தவர் பெயர் பெற்றவர். அவர் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. மேஜைமேல் வைத்த மரத்தை நின்றவாறே ஒரு சுற்றுச் சுற்றி, வெளிப்புறம் தம்மை நோக்கி வந்ததும் சட்டியை நிறுத்தி, “இதுதான் சார் முகம். ரெண்டு கையையும் விரிச்சு உங்களைக் கூப்பிடுது பாருங்க” என்றார். உண்மைதான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே உயரத்தில் இடமும் வலமுமாக இரண்டு கிளைகள் விரிந்திருந்தன. வளைவின் முதுகிலிருந்து மூன்றாவது கிளை ஒன்று, மற்ற இரண்டையும்விடக் கனமானது, அவர் மார்பை நோக்கி நீண்டிருந்தது. பார்ப்பவன் கண்ணைக் குத்துவதுபோல் முன்புறம் நீளும் கீழ்க்கிளை ஆகாது என்பது விதி. “மேல்மண்ணைக் கொஞ்சம் நீக்கி வேரைப் பார்த்துவிடலாமே, ஐயா” என்று நான் தெளிவாகவே கேட்டேன். “அதெல்லாம் அடுத்த தடவை சட்டி மாத்தும்போது பார்த்துக்கலாம் சார்” என்று சொல்லிக்கொண்டே, கிளையைக் குழிவாக வெட்டும் ஜப்பானியக் கத்தரியை அதன் அடியில் வைத்து அழுத்தினார். பால் கொட்டியது. மேஜைமேல் விரித்திருந்த செய்தித்தாளில் அது சொட்டிப் பரவுவதை மற்ற மாணாக்கர்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த சட்டி மாற்றத்தின்போது இரண்டு அங்குல மண்ணை மூங்கில் குச்சியால் கிளறி நீக்கியதும் விஷயம் பிரத்தியட்சமாயிற்று. தட்டையாய் இருந்த சுவர்வேர்கள் சட்டிமண்ணில் பருத்து, அடிமரம் சாய்ந்த திசைக்கு எதிர்த்திசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் இறங்கி, மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தால் வேரிலிருந்து வளைவுக்கும் வளைவிலிருந்து உச்சிக்கும் பார்வை தடையின்றி ஏறிற்று. அந்த ஓட்டத்தில் ஒரே ஓர் இடம்தான் வெறுமையாக இருந்தது: வளைவின் முதுகு. முதற்கிளை வளைவின் முதுகிலிருந்தே புறப்படவேண்டும் என்பது இக்கலையின் பாலபாடம். அந்த இடத்தில் என் மரத்துக்கு எட்டணா அகல வட்டத்தில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. தவறான முகப்பிலிருந்து நோக்கும்போது கண்ணைக் குத்திய கிளை, சரியான முகப்பிலிருந்து நோக்கினால் மரத்தின் பிரதான அழகாய் இருந்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காக இக்கிளையை வெட்டிய அந்தப் பெரியவர், ஒரே உயரத்தில் இருபுறமும் எதிரெதிராகக் கிளைகள் நிற்கக்கூடாது என்னும் விதியையும், அடிமரம் பார்ப்பவனை நோக்கிப் புடைக்கக்கூடாது என்னும் விதியையும் அதே முகப்பில் சேர்த்து மீறியிருந்தார்.

முகப்பு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை யோசித்தால் இந்த அவசரத்தின் விபரீதம் இன்னும் விளங்கும். ஜப்பானியர் வீட்டில் டோகோனோமா என்னும் மாடம் ஒன்று உண்டு; மூன்று புறமும் அடைத்த அந்த மாடத்தில் வைத்த மரத்தை, எதிரே பாயில் அமர்ந்திருக்கும் விருந்தினர் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்க்க இயலும். ஆகவே முகப்பைத் தேடுகிறவனும் உட்கார்ந்து தேடவேண்டும். நம்மவர்கள் மாடித்தரையில் சட்டியை வைத்துவிட்டு, நின்றபடி குனிந்து, மரத்தின் தலையைப் பார்த்து முகத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிமரத்தின் நடுப்பகுதி உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி சட்டியைப் பலகைமேல் உயர்த்துங்கள். கிளைகளின்மேல் ஈரத்துணி ஒன்றைப் போர்த்தி மறைத்துவிடுங்கள். இலை கண்ணில் படும்வரையில் மனம் இலையைத்தான் பார்க்கும். பிறகு மேல்மண்ணை நீக்கி வேர் விரியும் இடம்வரையில் இறங்கி, சட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அடி எங்கே அதிக அகலமாகத் தெரிகிறது, வேர்கள் எங்கே இருபுறமும் பரவி முன்னால் துருத்தாமல் இருக்கின்றன, உச்சி எங்கே உங்களை நோக்கிச் சற்றே வணங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். மூன்றும் ஒரே கோணத்தில் அமைவது அபூர்வம். அமையாவிட்டால் சட்டியின் ஓரத்தில் மரத்துண்டு ஒன்றைச் செருகிச் சாய்த்துப் பாருங்கள், பாதி மரங்கள் அந்தச் சாய்விலேயே வழிக்கு வந்துவிடும். கிளை கடைசி. கிளை இல்லாத இடத்தில் கிளையை உண்டாக்கலாம்; வேரடியை அவ்வாறு உண்டாக்குவது பெரும் பிரயாசை.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வகுப்பில் எல்லா மரங்களுக்கும் ஒரே முக்கோணம்தான். புளியும் காகிதப்பூவும் ஆலும் மாலைக்குள் ஜப்பானியப் பைன் மரங்களாக மாறி வீடு திரும்பின. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள ஆலமரத்தைக் கோவிலம்பாக்கத்திலிருந்து அரைமணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடியவர்கள், பனிமலையில் வளரும் பைனை ஏன் மாதிரியாகக் கொள்ளவேண்டும்? நானூற்றைம்பது ஆண்டு வயதென்று சொல்லப்படும் அந்த மரத்தின் தாய்த்தண்டு 1989ல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது; விழுதுகளே தண்டுகளாகி மரத்தை வாழ்விக்கின்றன. உயரத்தைவிட அகலம் மிகுந்து, குடையாய்க் கவிந்து, பல கால்களில் நிற்பதே ஆலின் சுபாவம். என் மரத்தை நான் அந்த வழியில் திருப்பிவிட்டேன். போட்டியில் பரிசு கிடைக்காது என்றார் ஒருவர். நான் போட்டிக்கு அனுப்புவதில்லை.

அவசரத்தை நியாயப்படுத்துகிறவர்களுக்கு ஜான் நாகாவின் உதாரணம் ஒன்றே போதும். அமெரிக்காவில் பிறந்து அங்கே இக்கலையைப் பரப்பிய அந்த ஜப்பானிய வமிசத்தவர், ‘கோஷின்’ என்னும் தம் புகழ்பெற்ற தோப்பில் பேரப்பிள்ளைகளைக் குறிக்கும் பதினொரு ஜுனிபர் மரங்களைச் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணி, 1984ல் தேசியக் காட்சிச் சேகரத்துக்கு அளித்தார். அவர் தம் மரங்களோடு இருந்த ஆண்டுகளின் அளவில்கூட நிமிஷங்களை நம் வித்தகர் என் மரத்தோடு கழிக்கவில்லை.

முகப்பை நிச்சயித்த பின் அதை எத்திசையில் வைப்பது என்பதில் நூல்களை நம்பவேண்டாம். வடக்கே வெகுதூரத்தில் உள்ள தேசங்களில் எழுதப்பட்டவை அவை. சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதாகப் பேசும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் தலைக்கு நேராக வந்து, அதன்பின் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் சற்று வடக்கே சாய்ந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் சட்டியின் வடபுறமே காய்கிறது. ஆகையால் வாரத்துக்கு ஒரு முறை சட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தாலன்றி ஒரு பக்கத்துக் கிளை செழித்து மறுபக்கம் நலிந்து, நீங்கள் தேர்ந்த முகப்பு தானாகவே மாறிவிடும்.

இழந்த கிளையை மீட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுக்காயத்தின் ஓரத்தில் தானே துளிர்க்கும் என்று காத்திருந்ததில் பயனில்லை. துளிர்த்தது, தவறான இடத்தில். எனவே அதே மரத்தின் நீண்ட இளங்கொம்பு ஒன்றை இலை நீக்கி, வளைவின் முதுகில் காயத்துக்குச் சற்றுக் கீழே சன்னமான துளையிட்டு, மறுபுறத்திலிருந்து நுழைத்து முதுகுப்பக்கம் வெளிவரச் செய்தேன். துளை கொம்பைவிட ஒரு நூல்தான் பெரிதாயிருக்கவேண்டும். நுழைக்கும்போது மொட்டுகள் தேய்ந்துவிடாதபடி மெழுகுத்தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. கசியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி, இரு வாயிலும் பசை பூசிவிடவேண்டும். வெயில்காலத்தில் ஆல் வெகுவேகமாய்ப் பருக்கும். வெளிவந்த பகுதி உள்நுழையும் பகுதியைவிடக் கனத்துவிட்டால் ஒட்டுப் பிடித்துவிட்டது என்று பொருள், நுழையும் பக்கத்துத் தொடர்பை அப்போது அறுத்துவிடலாம். புதுக்கிளை இன்று சுண்டுவிரல் கனம்கூட இல்லை. வெட்டப்பட்டது கட்டைவிரலைவிடப் பெரிது.

மண் கலவை, உரம், கம்பி கட்டுதல் முதலியவை யாவரும் அறிந்தவை. இந்த வெப்பத்தில் ஆலில் சுற்றிய அலுமினியக் கம்பி சில வாரங்களிலேயே பட்டைக்குள் பதிந்துவிடும் என்பதையும், நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு சட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் படியும், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றவேண்டும் என்பதையும் மட்டும் சொல்லி அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயிற்சி வகுப்புக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பி கட்டும் கைப்பக்குவத்தை நானும் அங்கேதான் கற்றேன். போகும்போது வேரடி தெரியும்படி மேல்மண்ணை நீக்கி எடுத்துச்செல்லுங்கள். இன்றைக்கு என் மரத்தில் வெட்டு இல்லை, பார்வை மட்டுமே என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் முகம் சுளித்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவேண்டாம், கொடுக்கமாட்டார்கள்.