மூத்த வீரரும் மூட்டுநோவும்

ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டியின் மாலைப்பொழுதில், மாணவர் ஓட்டங்கள் நிறைவெய்திய பின்னர், ஒலிபெருக்கியில் ஓர் அழைப்பு எழுவதுண்டு: பழைய மாணவர்களுக்கான நூறு மீற்றர் ஓட்டம். அவ்வழைப்பைக் கேட்ட மாத்திரத்தே, பந்தலின் கீழ் வேட்டி சால்வையுடன் வீற்றிருக்கும் நாம், ஐம்பதையும் அறுபதையும் மறந்து பதினெட்டு வயதினராகி விடுகின்றோம். சால்வை கதிரையிற் கிடக்க, கால்கள் தொடக்கக் கோட்டில் நிற்கின்றன. பார்வையாளர் சிரித்து மகிழ்கின்றனர். அச்சிரிப்பு ஓய்ந்த பின்னர் வீட்டில் நிகழ்வதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதனை இக்கட்டுரையிற் பேசக் கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், 58 ஆம் வயதில், நாமும் அக்கோட்டில் நின்றோம். மாணவப் பருவத்தில் நீளம் பாய்தலிலும் குறுந்தூர ஓட்டத்திலும் பரிசில் பெற்ற நினைவு நெஞ்சில் இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஓடாதிருந்த உண்மை நினைவில் இல்லை. அறுபதாவது மீற்றரளவில் வலது முழங்காலில் ஏதோ இழுபட்டது. நாணத்தால் நிற்காது ஓடி முடித்தோம். அன்றிரவே முழங்கால் வீங்கிற்று. வைத்தியரை நாடாமல், கடையில் வாங்கிய நோமாத்திரைகளை மூன்று வாரம் விழுங்கினோம். நோ தணியுமுன் வயிறு எரியத் தொடங்கிற்று. பின்னர், இனி ஓய்வே மருந்தென்று, சாய்மனைக் கதிரையில் ஆறு மாதம் கழித்தோம். உடல் பருத்தது, தொடை மெலிந்தது, உறக்கம் குன்றிற்று, வீட்டாரோடு பேசும் சொற்களிற் சினம் ஏறிற்று. கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வரவும் அஞ்சும் நிலை வந்தது.

ஈற்றில் இயன்மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். எம் மகளின் வயதே அவருக்கிருக்கும். முழங்காலைப் பரிசோதித்த பின்னர் அவர் கேட்ட வினா ஒன்றே: “ஐயா, பதினெட்டு வயதில் ஒரு நாளும் பழகாமல் போட்டிக்குப் போயிருப்பீங்களோ?”

எமக்கு விடை கூற இயலவில்லை. பெற்ற பரிசில்களை நினைவில் வைத்திருந்த நாம், அவற்றைப் பெற்றுத் தந்த பயிற்சியை மறந்திருந்தோம். வேகம் வயதோடு போய்விடும். படிப்படியாகப் பழகும் ஒழுக்கம் எவ்வயதிலும் எம்மிடம் இருக்கக்கூடியது. மூட்டுநோவுக்கு இன்று மருத்துவம் கூறும் முதல் மருந்தும் அவ்வொழுக்கமே. இதனை நன்கு விளங்கிக்கொள்ள, மூட்டின் இயல்பைச் சிறிது நோக்குவோம்.

மூட்டின் இயல்பு

இரண்டு எலும்புகள் கூடுமிடத்தில், அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கின்றது. வளர்ந்தவரின் குருத்தெலும்பினுள் குருதிக் குழாய்கள் இல்லை. தன்னைச் சூழ்ந்துள்ள மூட்டுநீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகின்றது. கால் ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது தளர்ந்து, நீரிற் பிழிந்தெடுக்கும் பஞ்சுபோல அது அந்நீரை மாறிமாறி வெளிவிட்டு உள்வாங்குகின்றது. ஆதலின் அசைவு குருத்தெலும்புக்குச் சோறு போன்றது. ஆறு மாதம் கதிரையில் இருந்த நாம், நோயுற்ற மூட்டைப் பட்டினி போட்டோம் என்பதே பொருத்தம்.

‘இளமையில் ஓடியதாலன்றோ முழங்கால் தேய்ந்தது’ என்று பலர் கூறுவர். 2017 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உடல்நலம் கருதி அளவோடு ஓடுவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பேருக்கே இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத்தேய்வு காணப்பட்டது. ஓடாதிருந்தோரில் அது 10.2, உயர்தரப் போட்டிகளில் ஓடியோரில் 13.3. இவ்வெண்கள் காரணத்தை முற்றாக நிறுவுவன அல்ல. மூட்டு நோவுள்ளவர் ஓட்டத்தை முன்னரே விட்டிருக்கவும் கூடும். எனினும் அளவான ஓட்டம் மூட்டை அழிக்கும் என்னும் அச்சத்துக்கு அவை இடந்தரவில்லை. பழைய காயங்கள், மிகை எடை, மெலிந்த தசை, வயது, பரம்பரை ஆகியன ஒன்றுகூடியே மூட்டுத்தேய்வை விளைவிக்கின்றன.

இவற்றுள் வயதையும் பரம்பரையையும் மாற்ற இயலாது. எடையையும் தசையையும் மாற்றலாம். எடை மிகுந்து முழங்கால் மூட்டுத்தேய்வுற்ற முதியோரை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு, உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் நான்கு கிலோ குறைவதைக் காட்டிற்று. ஒரு நாளில் நாம் எத்தனை ஆயிரம் அடிகள் வைக்கின்றோம் என எண்ணிப் பார்த்தால், இரவுணவில் ஒரு பிடி சோற்றைக் குறைப்பதன் பயன் புலனாகும். தொடையின் முன்பக்கத் தசையோ முழங்காலின் காவலன். அது மெலிந்தால், அது தாங்க வேண்டிய அதிர்ச்சியும் மூட்டின்மேல் விழும்.

நோவும் மனமும்

உதைபந்தாட்டத்தில் முழங்கால் கிழிந்து குருதி வடிவதை, ஆட்டம் முடிந்து ஊதல் ஒலித்த பின்னரே அறிந்த அனுபவம் நம்மிற் பலருக்குண்டு. காயம் முன்னரே இருந்தது; நோவு பின்னரே வந்தது. இதனை விளக்க, 1965 இல் மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர் ‘வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை’ என்றொன்றை வெளியிட்டனர். உடலிலிருந்து செல்லும் நோச்செய்தி முண்ணாணில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டியுள்ளது. அவ்வாயிலைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளுக்கும் பங்குண்டு என்பது அதன் சாரம். பிற்கால ஆய்வுகள் அக்கொள்கையைப் பலவாறு திருத்தியுள்ளன. எனினும், காயத்தின் அளவே நோவின் அளவு அன்று என்னும் உண்மை நிலைபெற்றுவிட்டது.

அச்சம், துயர், தனிமை, உறக்கமின்மை ஆகியன அவ்வாயிலைத் திறந்து வைப்பவை. மனம் இறுகினால் தசை இறுகும். தசை இறுகினால் மூட்டு மேலும் நோகும். நோவினால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மறுநாள் நோ இருமடங்காய்த் தோன்றும். இச்சுழலில் அகப்பட்டவரை நோக்கி, ‘எல்லாம் உமது மனப்பிரமை’ என்பது அறியாமை. நோ மெய்யானது, அதனை வளர்க்கும் நீர் மனத்திலிருந்தும் பாய்கின்றது என்பதே நாம் அறிய வேண்டுவது.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் எம் தலைமுறையினர் 1978 இன் சூறாவளியைக் கண்டவர்கள். நீண்ட போரின் இரவுகளைக் கழித்தவர்கள். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் கரையேறியதைக் கண்டவர்கள். இழந்தவர்களை எண்ணி விழித்திருந்த இரவுகள் உடலிலும் தம் சுவட்டை விட்டுச் செல்லும். ஆதலின் மூத்த நண்பர் ஒருவர் ‘முழங்கால் உளையுது’ என்று கூறும்போது, முழங்காலை மட்டும் விசாரியாது, ‘இரவிலே நித்திரை வருகுதா?’ என்றும் கேட்பது நன்று.

விளையாட்டு வீரனுக்கு இன்னுமொரு துயருண்டு. ஊரார் அவனை அவன் கால்களால் அறிந்திருந்தனர். அக்கால் தளர்ந்தபோது, தானே குறைந்துவிட்டதாக அவன் எண்ணுகின்றான். கைத்தடி பிடிக்க நாணுகின்றான். மைதானத்தின் பக்கமே செல்லாது விடுகின்றான். எமக்கும் அந்நாணம் இருந்தது. மூட்டின் தேய்விலும் அது எம்மை வருத்திற்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

பழகும் முறை

எமக்குக் கற்பிக்கப்பட்டு, நாம் கைக்கொண்டு பயன்கண்ட முறையை ஈண்டுத் தருகின்றோம். ஒவ்வொருவரும் தத்தம் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கலந்து தமக்கேற்பக் கொள்க.

முதலாவது, தொடைக்குப் பலம். உயரமான உறுதியான கதிரையில் இருந்து, கைகளை ஊன்றாது மெல்ல எழுந்து மெல்ல அமர்தல்; ஐந்து முறையில் தொடங்கிப் பத்தாக உயர்த்தலாம். அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து, மற்றக் காலை நீட்டியபடி ஓரடி உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தல். பின்னர், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். தசைக்குரிய இப்பயிற்சிகள் வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும். 65 வயது கடந்தோர், விழாமல் நிற்கப் பழக்கும் சமநிலைப் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாளேனும் செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது.

இரண்டாவது, நடை. அதே வழிகாட்டல் வாரத்துக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் வரையிலான மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கின்றது. நாம் பத்து நிமிடத்தில் தொடங்கினோம். வைகறையிற் கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்றை வாங்கியபடி நடப்பதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. கடற்கரையின் இளமணல் முழங்காலை அலைக்கும்; தொடக்கத்தில் உறுதியான தரையே நன்று. எமது பகுதி மேடு பள்ளம் குறைந்த சமநிலம் ஆதலின், துவிச்சக்கரவண்டியும் நல்ல துணை. இருக்கையைச் சிறிது உயர்த்திக்கொண்டால் முழங்கால் மிகையாக மடியாது.

மூன்றாவது, அளவறிதல். பயிற்சியின்போது சிறிது நோவு தோன்றலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மறுநாட் காலையில் அது தணிந்திருந்தால் அளவு சரி. கூடியிருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ, அளவைக் குறைத்து மீளத் தொடங்குக. நோக் குறைந்த நாளில் மும்மடங்கு நடந்து, மறுநாள் படுக்கையிற் கிடப்பதே பழைய வீரரின் வழக்கமான பிழை.

நான்காவது, மனத்துக்கு ஓய்வு. உள்மூச்சிலும் வெளிமூச்சு நீளுமாறு ஐந்து நிமிடம் மெல்லச் சுவாசித்தல், குறித்த நேரத்தில் உறங்கச் செல்லல், வாரம் ஒருமுறையேனும் பழைய நண்பரோடு உரையாடல் ஆகியன செலவில்லா மருந்துகள். கோயிலிற் சம்மணமிட்டு இருக்க முடியாவிடின், சிறு கதிரையில் இருந்து வழிபடலாம், அதிற் குறையொன்றுமில்லை.

வாவிக்கரையில் வீச்சுவலை எறியும் முதியவர்களை நாம் பார்த்திருக்கின்றோம். இளைஞன் பத்துமுறை வீசுமிடத்து, முதியவர் நீரை நோக்கி நின்று மூன்றுமுறை வீசுகின்றார். அவருடைய வலை வட்டமாகவே விரிகின்றது. அவரே எமக்கு ஆசான்.

எச்சரிக்கை

எல்லா மூட்டுநோவும் தேய்வினால் வருவதன்று. மூட்டுச் சிவந்து சூடேறி வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கிருமி புகுந்த மூட்டு சில நாளிற் கெட்டுவிடக் கூடும். விழுந்தபின் கால் ஊன்ற இயலாமை, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, பெருவிரல் மூட்டில் திடீரென எழும் கடுநோ, காரணமின்றி எடை குறைதல் ஆகியனவும் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. 2006 இன் பிற்பகுதியில் கிழக்குக் கரையிலும் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல், பலரின் மூட்டுகளிற் பல மாதம் நோவை விட்டுச் சென்றது. அத்தகைய நோவுக்குரிய கவனிப்பு வேறு.

நோமாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும், குருதியழுத்தத்தையும் உயர்த்தும். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தல் இதமளிப்பது; அதனை விலக்க வேண்டுவதில்லை. ஆனால், உள்ளே என்ன கலந்துள்ளதென்று எவரும் கூறாத தூளையும் குளிகையையும் உட்கொள்ளலாகாது.

முடிவுரை

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களின் பெயரை மூத்த பழைய மாணவர் அறிவர். 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் விழாக்களில் உயரம் பாய்ந்த அவர், 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். 2024 இல் மறையும்போது அவருக்கு வயது தொண்ணூறை அண்மியிருந்தது. அவர் பாய்ந்த ஆண்டுகள் சில. அதன் பின்னர் கல்வித் துறையில் உழைத்த ஆண்டுகளோ பல. வீரனின் வாழ்வு பதக்கமேடையோடு முடிவதில்லை என்பதற்கு அவர் சான்று. 2023 இல், முல்லைத்தீவைச் சேர்ந்த 72 வயது மூதாட்டி அகிலத்திருநாயகி அவர்கள், பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார். அத்தகைய வெற்றி ஒரு மாலைப்பொழுதின் உற்சாகத்தால் விளைவதன்று.

எமது முழங்கால் முற்றாகக் குணமடையவில்லை. மாரி காலத்தில் அது இன்னும் உளைகின்றது. எனினும் கோயில் வீதியை மூன்று முறை சுற்றுகின்றோம், படியேறுகின்றோம், பேரனோடு பந்தெறிகின்றோம். அடுத்த விளையாட்டுப் போட்டியிலும் அவ்வழைப்பு எழும். பழைய மாணவ அன்பர்களே, ஓட விரும்பின் மூன்று மாதம் முன்னரே பழகத் தொடங்குங்கள். அன்று கால் இணங்காவிடின், முடிவுக் கோட்டில் நின்று நேரம் குறியுங்கள். தோற்று வரும் சிறுவனின் தோளைத் தட்டுங்கள். அக்கோட்டில் நாமும் கைத்தடியோடு நிற்போம்.