கசப்பின் வேதியியல்

நுழையும்முன்

வேம்பின் நிழலையும் காற்றையும் அறியாதவர் தமிழகத்தில் இலர். அதன் விதைக்குள் இருக்கும் ஒரு கசப்புப் பொருளைத் தனித்தெடுக்கவும் அதன் கட்டமைப்பைத் தெளியவும் பல நாட்டு வேதியியலார் பல்லாண்டுகள் உழைத்தனர். அவர்களுள் சென்னையில் பயின்று சென்னையிலேயே முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்த தமிழர் ஒருவரும் உண்டு. கரிம வேதியியல் வயலுக்கும் நீர்நிலைக்கும் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மல்லிகையும் ஏரியும்

சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியைப் பழைய வழக்கில் பூவிருந்தவல்லி என்பர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. அவர் இங்கு நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்துக் காஞ்சிக்குக் கொண்டுசென்று வரதராசருக்குச் சாற்றினார் என்று வைணவ மரபு கூறும். இன்று ஊரைச் சுற்றித் தொழிற்கூடங்களும் அடுக்ககங்களும் பெருகிவிட்டன. பெயரில் பூ எஞ்சியிருக்கிறது.

மல்லிகை பயிரிடுவோர் எவ்வூரில் இருப்பினும் அஞ்சுவது மொட்டுப்புழுவுக்கே. அது மொட்டைத் துளைத்து உட்புகுந்து இதழ்களைத் தின்னும். துளைபட்ட மொட்டு ஊதா நிறமடைந்து விற்பனைக்கு உதவாமற் போகும். மருந்து தெளித்துப் புழுவைக் கொல்லலாம். ஆனால் மல்லிகையோ பருவத்தில் நாள்தோறும் விடியலில் பறிக்கப்படும் மலர். நேற்றுத் தெளித்த நஞ்சு இன்று கூந்தலில் ஏறும். எஞ்சியது எங்கே செல்லும்? பூந்தமல்லிக்கு அருகில் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னை மாநகர் பருகும் நீரில் ஒரு பகுதி அங்கிருந்து வருவது. ஏரிக்கு நீர் தரும் நிலங்களில் எது தெளிக்கப்பட்டாலும் அதன் ஒரு பங்கு மழைநீரோடு சரிவில் இறங்கவே செய்யும்.

புழு தடுக்கப்பட வேண்டும். தடுக்கும் பொருளோ மலரிலும் நீரிலும் தங்கிவிடக் கூடாது. அத்தகைய பொருள் உண்டா?

உறுதியே குற்றமான கதை

சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் பால் முல்லர், டி.டி.டி. என்னும் சேர்மத்தின் பூச்சிக்கொல்லித் திறனை 1939இல் கண்டறிந்தார். மலேரியா பரப்பும் கொசுக்களையும் பேன்களையும் அது அழித்தமையால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைக் குறை கூறுவதற்கில்லை.

டி.டி.டி. மூலக்கூறில் ஐந்து குளோரின் அணுக்கள் உள்ளன. கார்பனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் எளிதில் முறிப்பதில்லை. எனவே ஒருமுறை தெளித்தது ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. தொடக்கத்தில் இவ்வுறுதி சிறப்பாகவே போற்றப்பட்டது. நீரில் கரையாமல் கொழுப்பில் கரையும் இயல்பும் அதனுடன் சேர்ந்தபோது நிலைமை மாறிற்று. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் சென்று, ஒவ்வொரு படியிலும் செறிவு கூடியது. பறவைகளின் முட்டை ஓடு மெலிந்தது. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க உயிரியலார் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூல் இத்தகைய பூச்சிக்கொல்லிகளின் தீங்கை உலகறியச் செய்தது. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி.யைப் பயன்படுத்துவது 1989இல் தடைசெய்யப்பட்டது.

வெட்டுக்கிளி தொடாத இலை

கார்சனின் நூல் வெளிவந்த அதே 1962ஆம் ஆண்டில் தில்லிப் பகுதியில் வெட்டுக்கிளிகள் திரளாக இறங்கின. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக அறிவியலார், அரைத்த வேப்பங்கொட்டைப் பருப்பை நீரில் கரைத்துப் பயிர்களின்மீது தெளித்திருந்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிர்களின்மீது அமர்ந்தன, ஆனால் தின்னவில்லை. அவை நஞ்சுண்டு மடியவில்லை, உண்ணவே மறுத்தன என்பதே கருதத்தக்கது.

வேம்பின் சேர்மங்களைத் தேடும் பணி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சலீமுசமான் சித்திக்கி 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உள்ளிட்ட கசப்புப் பொருள்களைப் பிரித்திருந்தார். ஆயினும் வெட்டுக்கிளியை விரட்டுவது எது? 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் ஆகிய இருவரும் அதனைத் தனித்தெடுத்தனர். அவர்களுக்கு வழிகாட்டியது வெட்டுக்கிளியே. விதைச்சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு கலந்த உணவை அது மறுக்கிறது என்று பார்த்தனர்; மறுத்த கூற்றையே மீண்டும் பிரித்தனர். அவ்வாறு இறுதியில் கிடைத்த பொருளுக்கு அசாடிராக்டின் என்று பெயர்.

> தெரிந்து தெளிவோம்
>
> வேம்பின் அறிவியற்பெயர் அசாடிராக்டா இண்டிகா. 'ஆசாத் திரக்த்' என்னும் பாரசீகத் தொடரிலிருந்து வந்த இப்பெயருக்குக் கட்டற்ற மரம் என்பது பொருள். அக்கட்டற்ற மரத்தின் எண்ணெயைக் கொண்டு பூஞ்சையைத் தடுக்கும் முறை ஒன்றுக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் காப்புரிமை வழங்கியது. இந்திய உழவர் நெடுங்காலமாக அறிந்தது புதுமையாகாது என்று வழக்காடப்பட்டு, 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று.

மூலக்கூறின் வடிவம்

அசாடிராக்டினின் மூலக்கூறில் 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இது லிமோனாய்டு என்னும் சேர்மக் குடும்பத்தைச் சார்ந்தது. எலுமிச்சை விதையின் கசப்புக்குக் காரணமான லிமோனின் என்பதிலிருந்தே இக்குடும்பத்துக்குப் பெயர் வந்தது. எலுமிச்சை விதையைக் கடித்துவிட்டு முகம் சுளிப்பவர், வேம்பின் உறவினரைச் சுவைத்தவராகிறார்.

அணுக்களின் எண்ணிக்கையை அறிவது எளிது. அவை வெளியில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிவது அரிது. 1975இல் முன்மொழியப்பட்ட கட்டமைப்பு பின்னர்த் திருத்தப்பட்டு, 1985ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் சரியான வடிவம் தெளிவாயிற்று. அதனை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்து உருவாக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவினருக்கு 22 ஆண்டுகள் ஆயின; 2007இல் வெற்றி கிட்டியது. வேம்போ ஆண்டுதோறும் அதனை விதையில் நிரப்பித் தரையில் உதிர்க்கிறது.

இம்மூலக்கூறு பூச்சியின் உடலில் செய்வது என்ன? புழு வளரும்போது தோலுரிக்கிறது. தோலுரித்தலை நடத்துவது எக்டைசோன் என்னும் இயக்குநீர். அசாடிராக்டின் அவ்வியக்குநீர் உரிய வேளையில் சுரப்பதைக் குலைக்கிறது. புழு தோலுரிக்க இயலாமல் இடையிலேயே நின்றுவிடுகிறது. பறவைக்கும் மனிதனுக்கும் இத்தகைய தோலுரித்தல் இல்லை.

சென்னையின் பங்கு

டி.ஆர். கோவிந்தாச்சாரி 1915இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் ஆய்வு மேற்கொண்டார். தாயகம் திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கினார். நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் என்னும் ஆல்கலாய்டின் கட்டமைப்பை அவர் தெளிவுபடுத்தியது புகழ்பெற்ற ஆய்வு. அக்காலத்தில் மூலக்கூறின் வடிவை அறிய, அதனைப் படிப்படியாகச் சிதைத்து, கிடைத்த துண்டுகளிலிருந்து முழுமையை ஊகிக்க வேண்டியிருந்தது. உடைந்த பானையின் ஓடுகளைப் பொருத்திப் பானையின் உருவை அறிவதற்கு ஒப்பானது அப்பணி. வேதியியலுக்கான பட்நாகர் விருது முதன்முதலில் (1960) அவருக்கே வழங்கப்பட்டது.

1963இல் மும்பையின் சிபா ஆய்வு மையப் பொறுப்பை ஏற்றார். பின்னர்ச் சென்னையில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் வேம்பு ஆய்வில் ஈடுபட்டார். வேப்பம்பருப்பில் அசாடிராக்டின் ஒன்றன்று. ஏறத்தாழ ஒத்த உருவுடைய உடன்பிறப்புகள் பல அதில் கலந்துள்ளன. அவற்றைப் பிரிப்பதற்கு அவர் குழு உயர்செயல் நீர்ம வண்ணப்பிரிகை முறையைக் கையாண்டது. மிகு அழுத்தத்தில் நுண்துகள் நிரம்பிய குழாய் வழியே சாற்றைச் செலுத்தினால், துகள்களோடு குறைவாக ஒட்டும் சேர்மம் முன்னும், மிகுதியாக ஒட்டும் சேர்மம் பின்னுமாக வெளிவரும். இவ்வாறு அசாடிராக்டின் எச், அசாடிராக்டின் ஐ என்னும் இரு புதிய சேர்மங்களை 1992இல் அக்குழு அறிவித்தது. அப்போது கோவிந்தாச்சாரி எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். 2001இல் அவர் மறைந்தார்.

வயலுக்குத் திரும்புதல்

இயற்கைப் பொருள் எதுவும் தீங்கற்றது என்று கருதுவது தவறு. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் உடல்நலம் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. செறிவு மிகுந்தால் மீன்களுக்கும் கேடு நேரும். வேம்பின் சிறப்பு நஞ்சின்மை அன்று, விரைந்து சிதைவதே. சூரிய ஒளி பட்டால் அசாடிராக்டின் சில நாள்களில் சிதைந்துவிடும். டி.டி.டி.க்கு உறுதி அமைந்ததுபோல் இதற்கு உறுதியின்மை அமைந்துள்ளது.

அவ்வுறுதியின்மை உழவருக்குச் சற்றுத் தொல்லையும் தருவதுதான். ஒருமுறை தெளித்துவிட்டுப் பல வாரம் வாளாவிருக்க இயலாது. பழைய விதையில் வீரியம் குறையும். ஈரத்தில் கிடந்த விதையில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைப்பர். மறுநாள் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராகும்வரை நீர் சேர்த்து, இலையில் படியும்பொருட்டுச் சிறிது சோப்புக் கரைசலும் கலப்பர். கரைத்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். அதற்கு ஏற்றது மாலைவேளை. காலையில் தெளித்தால், புழு தின்னத் தொடங்கும் முன்னரே வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடும்.